கல்யாண பொக்கே நாமளே டிசைன் பண்ணணும்னா எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

தூறல்:

அடுத்த மாசம் தங்கச்சிக்கு கல்யாணம். மத்த அலங்காரத்துக்கெல்லாம் ஆள் சொல்லியாச்சு, பொக்கே மட்டும் நீதான் பண்ணித் தரணும்க்கான்னு ஒரே பிடிவாதம். எனக்கு ஜாடியில பூ அடுக்க நல்லாவே வரும், ஆனா கையில பிடிக்கிற பொக்கே அதுல இருந்து ரொம்பவே வித்தியாசம்னு இப்பத்தான் புரியுது. அவ போன்ல சேத்து வெச்சிருக்கிற படங்கள பாத்தா தலை சுத்துது, ஒண்ணு உருண்டையா ரோஜா மட்டும், இன்னொண்ணு முட்டி வரைக்கும் தொங்குது, இன்னொண்ணு கொடியும் இலையுமா கலைஞ்சு கிடக்கு, எல்லாமே பிடிச்சிருக்காம்.

டிரெஸ் ஐவரி கலர் கவுன், மேல முழுக்க லேஸ், இடுப்புக்கு கீழ ப்ளெய்ன். ஆளு கொஞ்சம் குள்ளம், ஒல்லி. சாயங்காலம் வெளியில சடங்கு, அதுக்கப்புறம் உள்ள ரிசப்ஷன். வெள்ளை ஹைட்ராஞ்சியாவும் வெள்ளை ரோஜாவும் வெச்சு பெருசா ஒண்ணு கட்டிடலாம்னு நெனச்சிருக்கேன். சரியா வருமா? முதல்ல எதை முடிவு பண்ணணும், பூவா, ஷேப்பா, கலரா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பச்சைக்காம்பு:

மூணும் இல்ல தங்கம், முதல்ல முடிவு பண்ண வேண்டியது நேரம். அந்த பொக்கே எத்தனை மணி நேரம் தண்ணி இல்லாம கையில இருக்கப் போகுது, வெயில்லயா ஏசியிலயா, இத கணக்கு போட்டுட்டு அப்புறமா பூவுக்கு வா. நான் பூக்கடை வேலையில இருக்கேன், வர்ற பொண்ணுங்க எல்லாரும் படத்த நீட்டித்தான் பேச்ச ஆரம்பிப்பாங்க, அந்தப் படத்துல இருக்கறது ஸ்டூடியோவுல கட்டி அடுத்த நிமிஷமே எடுத்த பூ, அது ஒரு மணி நேரம் கழிச்சு எப்படி இருந்துச்சுன்னு யாரும் படம் போடறதில்ல.

நீ சொல்ற ஹைட்ராஞ்சியாவையே எடுத்துக்கோ. பாக்க அவ்ளோ அழகு, ரெண்டு தண்டு வெச்சாலே பொக்கே நெறஞ்சிடும், ஆனா அது குடிக்கிற தண்ணிக்கு அளவே கிடையாது, வெளியில வெக்கையில தண்ணி இல்லாம நின்னா சடங்கு முடியறதுக்குள்ள துவண்டு தலைய தொங்கப் போட்டுடும். ஜாடியில வைக்க அருமையான பூ, கையில பிடிக்க வேண்டாம். கார்டீனியாவும் அதே மாதிரி வம்பு, வாசனை பிரமாதமா இருக்கும் ஆனா இதழ்ல விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பாயிடும். ஸ்வீட் பீ, மெல்லிசான பெரணி இலை, இதெல்லாமும் சீக்கிரம் சுருங்கற ரகம்.

தாங்கறது எதுன்னா கார்னேஷன், ஆர்க்கிட், ஆந்தூரியம், நல்லா தண்ணி குடிச்ச ரோஜா, லிசியாந்தஸ். கார்னேஷன்னா மூஞ்ச சுளிக்கிறவங்க இருக்காங்க, எனக்கு அது மேல தனிப் பாசம், நல்ல ஷேட் கிடைச்சு நாலஞ்ச நெருக்கமா சேத்துப் பிடிச்சா அது கார்னேஷன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. இலைக்கு ரஸ்கஸ், யூகலிப்டஸ் ரெண்டும் சொன்னபடி கேக்கும்.

அப்புறம் அளவு. குள்ளமா ஒல்லியா இருக்கிற பொண்ணுக்கு பெரிய பொக்கே குடுத்தா பூசணிக்காய தூக்கிட்டு நிக்கிற மாதிரி ஆயிடும், பூவுக்குப் பின்னாடி ஆளையே தேடணும். அவ இடுப்ப விட அகலம் வேண்டாம்னு வெச்சுக்கோ, உன் தங்கச்சிக்கு 22ல இருந்து 25 சென்டிமீட்டர் விட்டம் போதும்னு தோணுது. மேல லேஸ் இருக்குன்னா பொக்கேல ரொம்ப பொடிப் பொடிப் பூவா வைக்காதே, ரெண்டு நுணுக்க வேலையும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். கொஞ்சம் பெரிய முகம் உள்ள பூ நாலஞ்சு, அதச் சுத்தி நடுத்தரப் பூ, நடுநடுவுல மூச்சு விட இடம், அவ்ளோதான்.

கேமராக்கண்:

அக்கா சொன்னது எல்லாம் சரி, நான் போட்டோ எடுக்கிறவன், கலர் பத்தி மட்டும் சொல்றேன். ஐவரி டிரெஸ்ஸுக்கு சுத்த வெள்ளைப் பூ வேண்டவே வேண்டாங்க. பக்கத்துல பளீர் வெள்ளை வந்ததும் ஐவரி துணி அழுக்கு மஞ்சளா தெரியும், டிரெஸ்தான் பழசோன்னு பாக்கறவங்களுக்கு தோணும். க்ரீம், ஷாம்பெயின், வெளிர் பீச், இந்தப் பக்கம் போங்க. துணிக்கடைக்காரர்கிட்ட சொல்லி அந்த கவுன் துணியிலயே ஒரு சின்ன துண்டு வாங்கி பூ வாங்கப் போகும்போது கையோட கொண்டு போயிடுங்க, வெயில்ல ஒரு தடவை, மஞ்சள் லைட்டுக்கு கீழ ஒரு தடவை வெச்சு பாருங்க, ரெண்டும் ரெண்டு கதை சொல்லும்.

வெளியில சடங்குன்னு சொல்றீங்க, நேர் வெயில்ல வெள்ளைப் பூவோட இதழ் விவரமே கேமராவுல வராது, மொத்தமா ஒரு வெள்ளைத் திட்டு. நடுவுல பச்சை இலையோ கொஞ்சம் அடர்த்தியான ஷேட் பூவோ இருந்தாத்தான் ஒவ்வொரு பூவும் பிரிஞ்சு தெரியும். அதுக்குன்னு ரொம்ப இருட்டாவும் போகக் கூடாது, அடர் மெரூன் ரிசப்ஷன் லைட்ல கறுப்பாத்தான் விழும், நீலமும் ஊதாவும் மஞ்சள் லைட்டுக்கு கீழ செத்துப் போயிடும்.

இன்னொண்ணு, பொக்கே எவ்ளோ நல்லா கட்டினாலும் பிடிக்கிற விதத்துல கெட்டுப் போகும். பதட்டத்துல எல்லா பொண்ணுங்களும் நெஞ்சு வரைக்கும் தூக்கிடுவாங்க, லேஸ் வேலை மொத்தமும் மறைஞ்சிடும். தொப்புள் கிட்ட கை இருக்கணும், முழங்கைய லேசா வெளிய விட்டு, பொக்கேயோட முகத்த கொஞ்சம் முன்னாடி சாய்க்கணும், இல்லன்னா எங்களுக்கு பூவோட பக்கவாட்டுதான் கிடைக்கும். தங்கச்சிய முன்னாடியே ஒரு தடவை கண்ணாடி முன்னாடி பிடிச்சு பழகச் சொல்லுங்க.

ரிப்பன்சுத்தி:

எல்லாரும் உருண்டை பொக்கேன்னே முடிவு பண்ணிட்டீங்க போல. குள்ளமா இருக்கிறவங்களுக்கு கீழ வழியற ஷேப்தான் உயரமா காட்டும்னு என் அபிப்பிராயம். கைப்பிடி ஹோல்டர்ல ஃபோம், அதான் தண்ணிய உறிஞ்சி வெச்சுக்கிற பச்சைக் கட்டி, அத வெச்சு பண்ணினா தண்ணியும் இருக்கும், பூவும் வாடாது, கட்டத் தெரியாதவங்களுக்கும் சுலபம். ஏன் யாரும் அத சொல்லல?

பச்சைக்காம்பு:

ஷேப் விஷயத்துல ரிப்பன்சுத்தி சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா குறுகலா, லேசா ஒரு நுனி மட்டும் இறங்கினாத்தான் உயரம் காட்டும். அகலமா பொங்கி வழிஞ்சா எதிர் வேலைதான் செய்யும். 1981ல இங்கிலாந்து இளவரசி டயானா அவங்க கல்யாணத்துல பிடிச்சிருந்த பொக்கே ஒரு மீட்டர் நீளத்துக்கு மேல, அவங்க உயரத்துக்கும் அந்த கவுனோட பிரம்மாண்டத்துக்கும் அது எடுபட்டுச்சு, எல்லாருக்கும் எடுபடாது.

ஃபோம் பத்தி: அந்தப் பச்சைக் கட்டி 1954ல வந்ததுல இருந்து எங்க தொழிலே அதுமேலதான் ஓடுது, வசதிதான், இல்லங்கல. ஆனா அது பிளாஸ்டிக், மக்காது, உதிர்ந்து தூளாகி தண்ணியில கலக்கும், அதனால இப்ப நிறைய பேர் விட்டுட்டு வர்றாங்க. தவிர அதுக்கும் பக்குவம் வேணும். தண்ணியில போட்டா தானா மூழ்கற வரைக்கும் விடணும், கையால அமுக்கினா உள்ள காத்து மாட்டிக்கிட்டு நடுவுல காஞ்சே இருக்கும், மேல தொட்டா ஈரம், பூ மட்டும் வாடும். ஒரு தண்ட குத்திட்டு சரியில்லன்னு பிடுங்கி அதே ஓட்டையில திரும்ப வெச்சாலும் அதே கதிதான், தண்டோட அடி ஃபோம தொடாது. இதுக்கெல்லாம் மேல நனைஞ்ச ஃபோமோட வெயிட். தண்ணி கவுன்ல சொட்டவும் வாய்ப்பிருக்கு. முதல் தடவை பண்றவங்களுக்கு கையால கட்டறதே பாதுகாப்புன்னு நான் சொல்வேன்.

ரிப்பன்சுத்தி:

வெயிட் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா கையால கட்டறது சுலபம்னு சொல்லாதீங்க, ஸ்பைரல் வராம அழுதவங்கள பாத்திருக்கேன் 😄

தூறல்:

ஐயோ இவ்ளோ பதில் எதிர்பாக்கல, ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஹைட்ராஞ்சியா அவுட். க்ரீம் ரோஜா, பீச் லிசியாந்தஸ், கொஞ்சம் ஆர்க்கிட்னு தங்கச்சிகிட்ட சொன்னேன், சரின்னுட்டா. ஷேப் உருண்டையா, ஒரு பக்கம் மட்டும் லேசா இறங்கற மாதிரி. இப்ப அந்த ஸ்பைரல்னா என்னன்னு யாராவது கை பிடிச்சு சொல்லிக் குடுத்த மாதிரி சொல்லுங்களேன், வீடியோ பாத்தா விறுவிறுன்னு சுத்திடறாங்க, ஒண்ணும் பிடிபடல.

பச்சைக்காம்பு:

சொல்றேன், பொறுமையா படி.

முதல்ல எல்லாத் தண்டையும் சுத்தம் பண்ணி மேசை மேல வகை வகையா பிரிச்சு பரப்பி வெச்சுக்கோ, கட்ட ஆரம்பிச்சப்புறம் ஒரு கைதான் ஃப்ரீ, அப்ப முள் எடுக்க முடியாது. கட்டு விழற இடத்துக்கு கீழ ஒரு இலை கூட இருக்கக் கூடாது, முள்ளும் கூடாது. ரோஜாவுல வெளி இதழ் ரெண்டு மூணு பச்சை கலந்து தடிப்பா கோணலா இருக்கும், அது மொட்ட பாதுகாக்கிற இதழ், மெதுவா அடியில பிடிச்சு பக்கவாட்டுல தள்ளினா கழண்டுடும், எடுத்ததும் பூ முகம் தெளிஞ்சிடும்.

இப்ப நல்ல ரோஜாவா ஒண்ண இடது கையில நேரா பிடி. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ற இடம்தான் கட்டு. அடுத்த தண்ட அதுக்கு முன்னாடி சாய்வா வை, பூ இடது பக்கம், அடித்தண்டு வலது பக்கம். மூணாவதும் அதே சாய்வு. நாலாவதும் அதே. ரெண்டு மூணு தண்டு வெச்சதும் மொத்தத்தையும் கைக்குள்ளயே கொஞ்சம் திருப்பு, திருப்பிட்டு மறுபடி முன்னாடியே வை. எப்பவும் முன்னாடிதான் வைக்கணும், எப்பவும் அதே சாய்வுதான். ஒரே ஒரு தண்டு எதிர்ப்பக்கமா போனாலும் மத்த தண்டுகளுக்கு குறுக்க மாட்டிக்கிட்டு கழுத்து ஒடியும், பொக்கே ஒரு பக்கம் முறுக்கிக்கும், அங்கதான் எல்லாரும் அழறது. சந்தேகமா இருந்தா பொக்கேய மேல தூக்கி கீழ்ப்பக்கமா பாரு, தண்டெல்லாம் ஒரே திசையில சுழன்டிருந்தா சரி.

கைய இறுக்காதே, இது முக்கியம். இறுக்கிப் பிடிச்சா தண்டு நகராது, நகரலன்னா பூவ மேல கீழ ஏத்தி இறக்கி சரி பண்ண முடியாது. கட்டு பூவுக்கு ரொம்ப கிட்ட விழுந்தா பொக்கே இறுகி கெட்டியா உருண்டையா வரும், கீழ இறக்கினா விரிஞ்சு தளர்வா வரும். உனக்கு நடுவாந்திரம்.

எல்லா பூவும் ஒரே மட்டத்துல இருந்தா பலகை வெச்சு அழுத்தின மாதிரி தட்டையா ஆயிடும், ரோஜாவ கொஞ்சம் உள்ள, லிசியாந்தஸ்ஸ அத விட ஒரு விரல் மேல விடு, அதோட மொட்டு மட்டும் எட்டிப் பாக்கட்டும். பெரிய ரோஜாவ நட்ட நடுவுல ஒண்ணு வெச்சு சுத்தி வட்டம் போடாதே, கண்ணு அங்கயே போய் நின்னுடும், மூணா சேத்து கொஞ்சம் ஒதுக்கி வை. ஆர்க்கிட் கடைசியில, இறங்கற பக்கத்துல நீளமா விடு, கூடவே ரஸ்கஸ் ரெண்டு தண்டு. நடுவுல நடுவுல கண்ணாடி முன்னாடி போய் வயித்துகிட்ட வெச்சு பாத்துக்கோ, மேல இருந்து நீ பாக்கறது வேற, எதிர்ல நிக்கிறவங்க பாக்கறது வேற.

கணக்கு கேப்ப, 25 சென்டிமீட்டருக்கு ரோஜா 10 இல்ல 12, லிசியாந்தஸ் 7, ஆர்க்கிட் 3, இலை உன் இஷ்டம், ஒடியறதுக்குன்னு ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கூடுதலா வாங்கிடு.

கட்டும்போது சணலோ ட்வைனோ அதே இடத்துல அஞ்சாறு சுத்து, நழுவாத அளவுக்கு இறுக்கம், தண்ட அறுக்கிற அளவுக்கு வேண்டாம். அடிய ஒரே மட்டமா வெட்டு. ஸ்பைரல் ஒழுங்கா வந்திருந்தா மேசை மேல விட்டா தானா நிக்கும்.

நேத்தையபொண்ணு:

நான் போன வருஷம் பொக்கே பிடிச்ச ஆளு, கட்டினவங்க பாக்காத பக்கம் ஒண்ணு சொல்றேன். கைப்பிடி! என்னோடது அழகுல குறையே இல்ல, ஆனா தண்டுக் கட்டு தடிமனா இருந்துச்சு, என் கைக்குள்ள அடங்கல, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு பிடிச்சு மணிக்கட்டு வலி எடுத்து ரிசப்ஷன்ல ஸ்பூன் பிடிக்க முடியல. தங்கச்சி கைய அளந்துக்கோங்க, கட்டினப்புறம் கட்டை விரலும் நடு விரலும் கிட்டத்தட்ட தொடணும். தொடலன்னா உள்ள இருக்கிற தண்டு சிலத கட்டுக்கு கீழ கொஞ்சம் வெட்டி எடுத்துடலாம்னு அப்புறமாத்தான் ஒருத்தங்க சொன்னாங்க.

ரிப்பன் சுத்தும்போது முத்து வெச்ச ஊசி குத்துவாங்கல்ல, அது நேரா உள்ள போனா மறுபக்கம் வந்து உள்ளங்கையில குத்தும். கீழ இருந்து மேல சாய்வா, தண்டுக்குள்ளயே புதையற மாதிரி குத்தணும். ரிப்பன் தண்டோட அடி வரைக்கும் போக வேண்டாம், கீழ ரெண்டு விரக்கடை விட்டா இடையில இடையில தண்ணி டம்ளர்ல வெச்சுக்கலாம், எடுக்கும்போது துடைக்க ஒரு துணி பக்கத்துல இருக்கட்டும், இல்லன்னா கவுன் முன்னாடி ஈரத் திட்டு.

வாசனையும் பாருங்க. சம்பங்கி, லில்லி மாதிரி கனமான வாசனை மூக்குக்கு நேரா மணிக்கணக்கா இருந்தா தலைவலி நிச்சயம், தங்கச்சிக்கு ஒத்துக்குமான்னு முன்னாடியே கேட்டுடுங்க.

கேமராக்கண்:

லில்லின்னதும் ஞாபகம் வந்துச்சு, வைக்கறதா இருந்தா நடுவுல இருக்கிற மகரந்தப் பைய பூ விரிஞ்ச உடனே, பொடி உதிர்றதுக்கு முன்னாடி கிள்ளி எடுத்துடுங்க. வெளிர் கவுன்ல அந்த ஆரஞ்சு பொடி பட்டா கையால தேய்க்காதீங்க, தண்ணியும் வேண்டாம், செல்லோடேப்ப லேசா ஒட்டி ஒட்டி எடுங்க. தேய்ச்சா கறை உள்ள இறங்கிடும்.

தூறல்:

லில்லி வேண்டாம், பயமா இருக்கு. கடைசியா ஒண்ணு, எப்ப வாங்கறது எப்ப கட்டறது? முதல் நாள் ராத்திரி கட்டி வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுடலாம்னு அம்மா சொல்றாங்க.

பச்சைக்காம்பு:

ஃப்ரிட்ஜ்ல பழம் இருந்தா கட்டாயம் வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு. பழம் பழுக்கும்போது எத்திலீன்னு ஒரு வாயு விடும், கார்னேஷனும் ஆர்க்கிட்டும் அதுல பட்டா இதழ் உள்பக்கமா சுருண்டு, மொட்டு உதிர்ந்துடும். அதோட ஆர்க்கிட் வெப்ப நாட்டுப் பூ, அந்தக் குளிரே அதுக்கு ஆகாது, இதழ்ல திட்டுத் திட்டா கறுத்துப் போகும். வீட்டுலயே வெயில் படாத, ஃபேன் நேரா வீசாத குளிர்ச்சியான ரூம் ஒண்ணு போதும்.

ரோஜா ரெண்டு நாள் முன்னாடி வந்துடணும், மொட்டா வாங்கி விரிய விடணும், கல்யாணத்தன்னிக்கு காலையில மொட்டா வாங்கினா மொட்டாவேதான் போட்டோவுல இருக்கும். லிசியாந்தஸ்ஸும் அப்படியே. ஆர்க்கிட் முதல் நாள் வந்தா போதும். வந்த உடனே அடிய சாய்வா ஒரு இஞ்ச் வெட்டி, தண்ணிக்குள்ள முங்கற இலையெல்லாம் எடுத்துட்டு பக்கெட்ல வை. பக்கெட் சோப்பு போட்டு கழுவினதா இருக்கணும், இத யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல, ஆனா தண்டு அடைச்சுக்கறதே அழுக்குத் தண்ணியில வளர்ற பாக்டீரியாவாலதான். பூ வாங்கற இடத்துல ஒரு பாக்கெட் பவுடர் தருவாங்க, அதுல சர்க்கரை, கொஞ்சம் அமிலம், கிருமி வளராம இருக்க மருந்து மூணும் இருக்கு, அத போட்டா தனியா சர்க்கரை ஆஸ்பிரின்னு எதுவும் போடாதே. ராத்திரி முழுக்க குடிக்கட்டும்.

கட்டறது அன்னிக்கு காலையில. சாயங்காலம்தான சடங்கு, நேரம் தாராளமா இருக்கு. கட்டி, ரிப்பன் சுத்தாம ஜாடித் தண்ணியில வை, கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்து துடைச்சு ரிப்பன் போடு. கார்ல படுக்க வைக்காதே, ஒரு பக்கம் நசுங்கிடும், ஜாடியோட நிக்க வெச்சு யாராவது மடியில பிடிச்சுக்கணும், ஜன்னல மூடிடு.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு ஒத்திகை பாத்துடு, விலை கம்மியா கிடைக்கிற எந்தப் பூவா இருந்தாலும் சரி, அதே அளவுல ஒண்ணு கட்டி, சடங்கு நடக்கப் போற அதே நேரத்துக்கு வெளியில தண்ணி இல்லாம வெச்சு பாரு. எது முதல்ல துவளுதுன்னு தெரிஞ்சுடும், உன் கைக்கும் ஸ்பைரல் பழகிடும்.

ரிப்பன்சுத்தி:

ஒண்ணு விட்டுட்டீங்க, தூக்கிப் போடற பழக்கம் இருந்தா அதுக்கு சின்னதா தனியா ஒண்ணு கட்டிடுங்க, இவ்ளோ பாடுபட்டு கட்டினத தூக்கி எறிஞ்சா மனசு தாங்காது. மிஞ்சின பூவுலயே ஆயிடும். அப்புறம் பொக்கேய பாத்துக்க ஒரு ஆள் போட்டு வைங்க. 1947ல, அப்ப இங்கிலாந்து இளவரசியா இருந்த எலிசபெத் கல்யாணத்துலயே பொக்கே காணாம போய், அப்புறம் ஹனிமூன் சமயத்துல திரும்ப டிரெஸ் மாட்டிக்கிட்டு போட்டோ எடுக்க வேண்டியதாச்சு, அரண்மனையிலயே அந்த கதி.

தூறல்:

😂 அந்த வேலைய சித்தி பொண்ணுக்கு குடுத்துட்டேன், அவதான் எதையும் கீழ விட மாட்டா. ஞாயித்துக்கிழமை கார்னேஷன் வாங்கிட்டு வந்து ஒத்திகை கட்டறேன், படம் இங்க போடறேன், ஸ்பைரல் எந்தப் பக்கம் கோணிச்சுன்னு பாத்து சொல்லுங்க அக்கா.

பச்சைக்காம்பு:

போடு. மேல இருந்து ஒண்ணு, கீழ தண்டுப் பக்கம் ஒண்ணு, ரெண்டு படமும் வேணும்.